எழுத்தும் வழியும்

நூறு பவுன் தண்டம்! கொலை செய்தவனுக்கா? இல்லை. கொள்ளையடித்தவனுக்கா? அவனுக்கும் இல்லை. ஓர் அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவனுக்கு!

1740-ஆம் ஆண்டில், பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தென் கரோலினாவில், சட்டமன்றத்திலே அமர்ந்திருந்த பண்ணை முதலாளிகள் நிறைவேற்றிய சட்டத்தின் ஒரு பிரிவு அது. அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கலாகாது என்றது அதே சட்டம். சீட்டில்லாமல் பண்ணையை விட்டு வெளியே அடியெடுத்து வைக்கலாகாது என்றது. எழுத்துக்கும் முரசுக்கும் நடைக்கும் ஒரே சட்டத்தில் பூட்டு! மூன்றையும் ஏன் ஒன்றாக முடிச்சுப் போட்டனர்?

காரணம் முந்திய ஆண்டில் இருக்கிறது. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. சார்லஸ்டன் நகருக்குத் தென்மேற்கே, ஸ்டோனோ ஆற்றங்கரையில், ஏறத்தாழ இருபது அடிமைகள் கூடினர். ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக் கொண்டனர். முரசு அறைந்தபடி தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். தெற்கே ஸ்பானியர் ஆண்ட ஃபுளோரிடா இருந்தது. தப்பி வருவோருக்கு அங்கே விடுதலை உண்டு என்று ஸ்பானிய அரசு அறிவித்திருந்தது. அந்தச் செய்தி எப்படியோ அடிமைகளின் குடிசைக்குள் நுழைந்திருந்தது. செய்தி தெரிந்தவனுக்குத் திசை தெரிந்தது. திசை தெரிந்தவன் நடக்கத் துணிந்தான். வழிநெடுகப் பலர் வந்து சேர்ந்தனர். அன்று மாலைக்குள்ளாகவே ஆயுதம் தாங்கிய பண்ணையார்கள் அவர்களைச் சூழ்ந்து சுட்டு வீழ்த்தினர். வெள்ளையர் இருபதுக்கு மேற்பட்டவர் மடிந்தனர். கறுப்பர் அதைவிட மிகுதியாக மடிந்தனர். அடுத்த ஆண்டில் பிறந்தது அந்தச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுதக் கற்பிப்பதைத் தடுத்தது. படிக்கக் கற்பிப்பதைப் பற்றிப் பேசவில்லை. அடிமை பைபிள் படித்துப் பணிவு கற்றால் ஆண்டைக்கு நட்டமில்லை. எழுதக் கற்றால்? அந்நாளில் ஓர் அடிமை அயலூருக்குப் போக வேண்டுமானால் ஆண்டை கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். இரவுச் சாலைகளில் சுற்றுக்காவலர் குதிரைமீது திரிவர். சீட்டைக் காட்டாதவன் முதுகு கிழியும். எழுதத் தெரிந்தவனோ தன் சீட்டைத் தானே எழுதிக் கொள்வான்! ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதும் கை, நூறு மைல் நீளமுள்ள வேலியைத் தாண்டிவிடும். பண்ணையார் இதை நன்றாக அறிந்திருந்தார்.

பிறகு படிப்பும் அச்சமூட்டத் தொடங்கியது. 1829-இல் பாஸ்டன் நகரில் வாழ்ந்த டேவிட் வாக்கர் என்னும் கறுப்பர், அடிமைமுறையைச் சாடி ஒரு நூல் வெளியிட்டார். துணி வணிகம் செய்த அவர், மாலுமிகளின் சட்டைக்குள் வைத்துத் தைத்து அந்நூலைத் தெற்கே அனுப்பி வைத்தார். தென் மாநிலங்கள் நடுங்கின. 1830-இல் வட கரோலினா, அடிமைக்குப் படிக்கவும் எழுதவும் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. 1832-இல் அலபாமா, எழுத்துக் கூட்டக் கற்பித்தாலே 250 முதல் 500 டாலர் வரை தண்டம் என்றது. 1834-இல் தென் கரோலினாவும் தன் பழைய சட்டத்தில் இருந்த இடைவெளியை அடைத்துக் கொண்டது.

வட கரோலினாச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. எண்களைக் கற்பிக்கலாமாம்! ஏன்? மூட்டைகளை எண்ண வேண்டாமா? பீப்பாய்க்குக் கணக்கு வைக்க வேண்டாமா? ஆண்டையின் கணக்குக்கு உதவும் அறிவு இருக்கட்டும். அடிமையின் கேள்விக்கு உதவும் அறிவு கூடாது. ஒரு பாடத்திட்டத்தின் உள்நோக்கத்தை இத்தனை ஒளிவுமறைவின்றிச் சட்டப் புத்தகத்திலே எழுதி வைத்தவர்கள் உலகில் குறைவு. வேதம் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்ன கௌதம தரும சூத்திரத்தை அறிந்த நமக்கு இதிலே வியப்பு குறைவாகத்தான் இருக்கும். மராட்டியத்து ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினாரே, அவர் இந்த ஒற்றுமையைக் கண்டுதான் அவ்வாறு செய்தார்.

எழுத்தைப் பூட்டியாயிற்று. நிலத்தைப் பூட்டுவது எப்படி? அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. பொய் போதுமானதாக இருந்தது. அடிமை நாட்டுக்கு எல்லையே கிடையாது, எவ்வளவு தூரம் ஓடினாலும் ஆண்டையின் கை எட்டும் என்னும் எண்ணத்தை அடிமையின் நெஞ்சிலே ஊன்றி வைத்தனர். உண்மைத் தொலைவே பெரிதுதான். எங்கள் அறியாமை அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டியது என்று தம் தன்வரலாற்றில் விளக்குகிறார், அந்தக் கொட்டடியிலிருந்து தப்பிய ஒருவர். அவர் பெயர் பிரடெரிக் டக்ளஸ். தோழர்கள் பலர் இப்பெயரைக் கேட்டிருப்பர். அவர் எழுத்தறிவு பெற்ற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூடத்தில் பணியாற்றும் எனக்கு அதில் தனிச் சுவை உண்டு.

டக்ளஸ் 1818-இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தார். எட்டு வயதளவில் பால்டிமோர் நகருக்கு, ஆல்ட் என்னும் குடும்பத்துக்கு வேலைக்காக அனுப்பப்பட்டார். அந்த வீட்டம்மையார் சோஃபியா அதற்கு முன் அடிமையை வைத்து ஆண்டவரல்லர். சிறுவனுக்கு நெடுங்கணக்கைச் சொல்லித் தந்தார். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களைக் கூட்டவும் பழக்கினார். கணவர் கண்டார், சினந்தார். படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும், படித்தவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றுப் போவான் என்று மனைவிக்கு அறிவுரை கூறினார். அறிவுரை மனைவிக்கு, அதைக் கேட்டுப் பயன் கொண்டவன் மூலையில் நின்ற சிறுவன்! ஆண்டை எதற்கு அஞ்சுகிறானோ அதுவே தனக்கு வேண்டியது என்று அன்றே அவன் தெளிந்தான்.

பிறகு அவனுக்கு ஆசிரியர் யார்? தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்கள். ஆல்ட் வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. அந்தச் சிறுவர்களின் வீட்டில் பஞ்சம். எங்காவது அனுப்பும்போது சட்டைப் பையில் ரொட்டியும் கையில் எழுத்துக்கூட்டும் புத்தகமும் எடுத்துச் செல்வான். ஓடிப்போய் வேலையை முடிப்பான். மிச்சமான நேரத்தில் ரொட்டியைக் கொடுத்துப் பாடம் வாங்குவான். எழுதக் கற்றது கப்பல் கட்டும் துறையில். தச்சர்கள் ஒவ்வொரு மரத்துண்டிலும் அது கப்பலின் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எழுத்தால் குறியிடுவர்: இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு எஸ், முன்புறத்துக்கு எஃப், பின்புறத்துக்கு ஏ. அந்த நான்கெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். எழுதத் தெரிந்த சிறுவன் ஒருவனைக் கண்டால், "உன்னைப் போல எனக்கும் எழுத வரும்" என்பான். "எங்கே, எழுது பார்க்கலாம்" என்பான் அவன். தெரிந்த நான்கெழுத்தை எழுதிவிட்டு, "இதை வெல், பார்க்கலாம்" என்று சவால் விடுவான். அவன் வேறு எழுத்துகளை எழுதிக் காட்டுவான். ஐந்தாவது எழுத்து கிடைத்தாயிற்று! பலகை வேலியும் செங்கல் சுவரும் நடைபாதையும் சிலேட்டு; சுண்ணக்கட்டி எழுதுகோல்.

பன்னிரண்டு வயதளவில் ஐம்பது செண்டு கொடுத்துச் சொற்பொழிவுத் தொகுப்பு ஒன்றை வாங்கினான். அந்நாளில் ஒரு சொல் அவன் காதில் அடிக்கடி விழுந்தது. ஓர் அடிமை ஓடிவிட்டால், ஒரு களஞ்சியம் தீப்பற்றினால், வெள்ளையர்கள் அந்தச் சொல்லை உச்சரித்தனர்: 'ஒழிப்பு'. அகராதியைப் புரட்டினான். ஒழித்தல் என்னும் செயல் என்றிருந்தது! எதை ஒழித்தல்? அகராதி சொல்லவில்லை. யாரையும் கேட்கவும் அச்சம். காத்திருந்தான். ஒருநாள் செய்தித்தாள் ஒன்று கிடைத்தது. தலைநகர் வாசிங்டனில் அடிமைமுறையையும், மாநிலங்களுக்கிடையில் அடிமை வணிகத்தையும் ஒழிக்க வேண்டும் என்று வடபகுதி மக்கள் நாடாளுமன்றத்துக்கு விடுத்த முறையீடுகளைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. அகராதி தராத பொருளைச் சொல் நின்ற இடம் தந்தது. படிப்பு என்பதன் உயிர்நாடி இதுவே. எழுத்துக் கூட்டுவது வாயிற்படிதான். சொல்லை அதன் சூழலில் வைத்துப் பொருள் துருவுவதுதான் வீட்டுக்குள் நுழைவது. நம் வகுப்பறைகளில் அருஞ்சொற்பொருளை நெட்டுருப் போடவைத்துவிட்டு, வாயிற்படியிலேயே பிள்ளைகளை உட்கார வைத்து விடுகிறோம்.

படித்தவன் என்ன செய்தான்? 1836-இல் பண்ணை வேலைக்கு வந்திருந்த டக்ளஸ், தோழர் சிலரோடு தப்பத் திட்டமிட்டார். படகேறிச் செசபீக் விரிகுடாவின் வடமுனை வரை போவது. அங்கிருந்து துருவ விண்மீனைப் பார்த்து நடப்பது. ஒவ்வொருவருக்கும் ஆண்டை கொடுத்ததுபோலச் சீட்டு எழுதினார். எவனோ காட்டிக் கொடுத்தான்; பிடிபட்டனர். டக்ளஸ் தம் சீட்டை நெருப்பில் எறிந்தார். மற்றவர்களுக்கு வழியில் இரகசியமாகச் சொல்லியனுப்பினார்: சீட்டை ரொட்டியோடு சேர்த்து விழுங்கி விடுங்கள்! விழுங்கினர். சான்று வயிற்றுக்குள் போயிற்று, உயிர் பிழைத்தது. இரண்டாண்டு கழித்து, 1838 செப்டம்பர் 3 அன்று, மாலுமி உடையணிந்து, நண்பரான மாலுமி ஒருவரின் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டு, பால்டிமோரில் ரயிலேறினார். சான்றிதழில் எழுதியிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தா. ரயில் அதிகாரி மேலே பொறித்திருந்த கழுகு முத்திரையைப் பார்த்தார். கீழே உள்ளதைப் படிக்கவில்லை! ஒரு நாளுக்குள் டக்ளஸ் நியூயார்க்கில் இருந்தார். 1847-இல் அவர் தொடங்கிய ஏட்டின் பெயர் 'வட விண்மீன்'.

இனி மற்றொருவர். அவருக்கு எழுத்தே தெரியாது, கடைசிவரை தெரியாது. ஆயினும் அவர் 'படித்த'வர்.

ஹாரியட் டப்மன் அதே மேரிலாந்தில், விரிகுடாவின் கிழக்குக் கரையில், 1822 அளவில் பிறந்தார். ஆறேழு வயதிலேயே சதுப்பு நீரில் இறங்கி, நீரெலிகளுக்கு வைத்த பொறிகளைப் பார்த்து வரும் வேலை. சிறுமியாக இருந்தபோது, ஓடிய அடிமை ஒருவன்மீது மேற்பார்வையாளன் எறிந்த இரும்பு எடைக்கல் அவர் தலையில் பட்டது. அன்று முதல் திடீர் திடீரென்று உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் நோய் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. வளர்ந்தபின் தந்தை பென் ராசுடன் காட்டில் மரவேலை. மரம் வெட்டுவதை மேற்பார்த்த தந்தைக்குக் காடு அத்துப்படி. வெட்டிய மரத்தை நீர்வழியே கொண்டு செல்லும் கறுப்பு மாலுமிகள் துறைமுகச் செய்திகளைக் கொண்டு வந்தனர். எந்த ஓடை எந்த ஆற்றில் சேரும், எந்தப் பாலத்தில் காவல், எந்த வீட்டில் அடைக்கலம் என்பதெல்லாம் அவர் மனத்தில் நிலப்படமாயின.

1849-இல் தப்பினார். சாப்டாங்க் ஆறு வடகிழக்கிலிருந்து, டெலவேர் எல்லைப் பக்கத்திலிருந்து ஓடிவருவது. ஓட்டத்துக்கு எதிராகக் கரையைப் பற்றிக்கொண்டு போனால் எல்லை வரும். வானம் தெளிந்த இரவில் விண்மீன். அது எப்படி என்று அறிய விரும்பும் தோழருக்கு: வடவானில் ஏழு விண்மீன்கள் அகப்பை வடிவில் நிற்கும்; ஏழு முனிவர் என்று நம் நாட்டில் பெயரிட்டிருக்கிறார்கள். காம்புக்கு எதிர்ப்புறத்தில், அகப்பையின் விளிம்பாக உள்ள இரண்டு விண்மீன்களை ஒரு கோட்டால் இணைத்து, அக்கோட்டை அகப்பையின் வாய்ப்புறமாக, அவற்றின் இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால், துருவ விண்மீன். பூமியின் அச்சு ஏறத்தாழ அதை நோக்கி நிற்பதால் அது இடம் பெயராததுபோல் தோன்றுகிறது. சிறுவன் துருவன் தவமிருந்து பெற்ற பதவி என்னும் புராணத்துக்கு அங்கே இடமில்லை. ஓரிடத்தில் அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. மேரிலாந்தில் 38, 39 பாகை, நன்கு தெரியும். சென்னையில் 13, குமரி முனையில் 8 பாகைதான், மரக்கிளைக்குப் பின்னால் மறைந்துவிடும். நம்மூரில் அதைத் தேட விரும்புவோர் திறந்த வெளிக்குப் போக வேண்டும்.

அடிமைகள் பூவேலைப் போர்வைகளில் இரகசியக் குறிகள் தைத்து வழி காட்டினர் என்று ஒரு கதை 1999-இல் வந்த ஒரு நூலுக்குப் பின் எங்கும் பரவியிருக்கிறது. ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் அதற்குச் சான்றில்லை என்கின்றனர். கதை இனிக்கிறது என்பதற்காக நாம் அதை ஏற்க வேண்டியதில்லை. டப்மனின் உண்மை வரலாறே போதும்.

தாம் தப்பியதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த பதினோராண்டில் ஏறத்தாழ 13 முறை திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டுவந்தார். மேலும் பலருக்கு வழியைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். சனிக்கிழமை இரவில் புறப்படுவார். காரணம், ஓடிய அடிமையைப் பற்றிய விளம்பரம் திங்களன்றுதான் செய்தித்தாளில் வரும்! இரவு நீண்ட குளிர்காலத்தைத் தேர்ந்தார். தமக்கு எழுத்து வராவிட்டால் என்ன? 1854-இல் தம் உடன்பிறந்தாரை மீட்கப் போகுமுன், படிக்கத் தெரிந்த ஜேக்கப் ஜாக்சன் என்னும் விடுதலை பெற்ற கறுப்பருக்குப் பிறரைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தார். வழிபாட்டைப் பற்றியும், வரப்போகும் கப்பலைப் பற்றியும் ஏதோ பக்திமொழி. அஞ்சலகத்தில் வெள்ளையர்கள் பிரித்துப் படித்தனர், விளங்கவில்லை. ஜாக்சனிடம் காட்டினர். ஒரே பார்வையில் அவருக்கு விளங்கிற்று. "இதற்குத் தலையுமில்லை, வாலுமில்லை, எனக்கு வந்த கடிதமாக இருக்காது" என்று கீழே போட்டுவிட்டு, நேரே போய் உடன்பிறந்தாரை ஆயத்தப்படுத்தினார். கிறிஸ்துமஸ் நாளில் அவர்கள் புறப்பட்டனர்.

உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூன் 2 அன்று, தென் கரோலினாவின் கம்பாகி ஆற்றில் வட படையின் கப்பல்கள் ஏறிச் சென்றன. ஆற்றிலே எங்கெங்கு வெடிகள் புதைந்திருந்தன என்பதை அவ்வூர் அடிமைகளிடமிருந்து திரட்டி வழிகாட்டியவர் டப்மன். ஒரே நாளில் எழுநூறுக்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். ஸ்டோனோவில் முரசறைந்தவர்கள் எந்த மாநிலத்தில் சுடப்பட்டனரோ, அதே மாநிலம்!

1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கற்பிப்பதற்கு இருந்த தண்டமும் ஒழிந்தது. பாட்டியும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கூட்டினர். ஆனால் ஆதிக்கம் எளிதில் சாகாது. முன்பு படிப்பதைக் குற்றமாக்கியவர்கள், இப்போது படிக்காததைக் குற்றமாக்கினர்! 1890-இல் மிசிசிப்பி, 1895-இல் தென் கரோலினா. தென் கரோலினாவில், அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவைப் பதிவு அலுவலர் காட்டுகிறாரோ அதைப் படித்து எழுதிக் காட்டினால்தான் வாக்குரிமை. இல்லையேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். தேர்வாளர் வெள்ளையர், கேள்வி அவர் விருப்பம், மதிப்பெண்ணும் அவர் விருப்பம்.

ஸ்டோனோ ஆற்றை எல்லையாகக் கொண்ட நிலங்களுள் ஜான்ஸ் தீவும் ஒன்று. 1950-களில் அங்கிருந்து சார்லஸ்டனுக்கு வேலைக்குப் போவோரை ஏற்றிச் செல்லப் பேருந்து ஓட்டியவர் ஈசா ஜென்கின்ஸ். பயணத்திலேயே அரசியல் சட்டப் பிரிவுகளைப் பயணிகளுக்குச் சொல்லித் தருவார். ஆலிஸ் வைன் என்னும் பெண்மணி கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து தேர்வில் வென்றார். ஆனால் எனக்கு உண்மையாகவே படிக்க வேண்டும் என்றார். அந்த விருப்பத்திலிருந்து ஒரு பள்ளி பிறந்தது. டென்னசி மாநிலத்து ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளி பணம் கடன் தந்தது. முன்புறம் கூட்டுறவுக் கடை, பின்புறம் வகுப்பறை. வெள்ளையர் கண்ணுக்குக் கடைதான் தெரியும். 1957 சனவரி 7 அன்று, 14 மாணவரோடு வகுப்பு தொடங்கியது. எழுதத் தடை பிறந்து 217 ஆண்டுகள் கழித்து, அதே ஆற்றின் பக்கத்தில்!

திட்டம் வகுத்தவர் செப்டிமா கிளார்க். நாற்பதாண்டு அனுபவமுள்ள ஆசிரியை. கறுப்பர் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். வகுப்பு எடுத்தவர் அவருடைய உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சன். ஆசிரியைப் பயிற்சி பெற்றவரல்லர். பெண்களுக்குக் கூந்தல் ஒப்பனை செய்யும் தொழிலாளி. பயிற்சி பெற்ற ஆசிரியரை வேண்டுமென்றே தவிர்த்தனர். அவர் முதியோரைக் குழந்தைகளாக நடத்தி விடுவார் என்று அஞ்சினர்! (என் தொழிலார் கோபிக்க வேண்டா, அஞ்சியதில் தவறில்லை.) ராபின்சன் முதலில் குழந்தைப் பாடநூல்களைத்தான் கொண்டு போனார். முதல் நாளே அவற்றை ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். தம் பெயரைக் கையெழுத்திட வேண்டும். அஞ்சல்வழிக் கடைக்குப் பொருள் கேட்டு எழுத வேண்டும். பண அஞ்சல் படிவம் நிரப்ப வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். வாக்குரிமைத் தேர்வு எழுத வேண்டும். இவையே பாடத்திட்டமாயின. அட்டையில் பெரிதாகப் பெயரெழுதி, அதன்மேல் மீண்டும் மீண்டும் கையோட்டிப் பழகச் செய்தார். சுவரில் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைச் சாசனத்தை ஒட்டினார். வகுப்பு முடியுமுன் எல்லோரும் அதைப் படித்தாக வேண்டும் என்றார். சில வாரம் சென்று, கரும்பலகையில் பல பெயர்களை எழுதி, அவரவர் பெயரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த கோலை வாங்கி, தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டிப் படித்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய பள்ளிகள் தென் மாநிலங்கள் பலவற்றில் முளைத்தன. 1961-இல் டென்னசி அரசு ஹைலேண்டரை மூடியது. அதற்குள் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பு அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. கிளார்க்கும் அங்கே சென்று ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களைப் பழக்கினார். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் தென் மாநிலங்களில் அந்தத் தேர்வை நிறுத்தியது. 1975-இல் சார்லஸ்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்தல் நடந்தது. அதில் வென்று உறுப்பினரானார் செப்டிமா கிளார்க்.